இரண்டு நிமிட விமானம்!

ஏறினார், அமர்ந்தார், இறங்கினார், பயணம் முடிந்தது! நாடக மேடையிலே காட்சி மாற்றத் திரை விழுந்து எழுவதற்குள் ஒரு விமானம் கடலைக் கடந்துவிடுகிறது என்றால், கதையளக்கிறான் என்பீர்கள். கதையல்ல தோழர்களே, கால அட்டவணையிலே உள்ள உண்மை!

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அலைகடல் நடுவே, ஆர்க்னி தீவுக் கூட்டம். அதிலே வெஸ்ட்ரே ஒரு தீவு. பாப்பா வெஸ்ட்ரே அதன் அண்டைத் தீவு. இரண்டிலும் சின்னஞ்சிறு விமானத் தளங்கள். இடைவெளி 2.7 கிலோமீட்டர். எடின்பரோ மாநகர விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறத்தாழ அவ்வளவு நீளம்! குறித்த பயண நேரம் இரண்டு நிமிடம். காற்று துணை நின்றபோது 53 விநாடியிலேயே முடிந்ததும் உண்டு. அட்டவணைப்படி பறக்கும் வழிகளில் உலகிலேயே மிகக் குறுகியது இதுதான். 1967இல் லோகன்ஏர் நிறுவனம் தொடங்கியது. பறப்பது எட்டுப் பயணிகளை ஏற்றும் சிறு விமானம்.

வேடிக்கை பார்ப்போர் இதைக் கேட்டு வியந்து போகட்டும். அரசியல் பயில்வோர் சற்றே நின்று, அதில் ஏறுவோர் யாரென்று பார்க்கவேண்டும். சுற்றுலாக்காரர் உண்டு, ஆனால் ஆசிரியர் உண்டு, மருத்துவப் பணியாளர் உண்டு, மருத்துவமனை நாடும் நோயாளி உண்டு. தலைமை நகரான கிர்க்வாலுடன் இரு தீவுகளையும் இணைக்கும் நீண்ட வழியின் ஒரு துண்டே இந்த இரண்டு நிமிடம்.

பாப்பா வெஸ்ட்ரேயின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி 90. இலட்சமல்ல, ஆயிரமல்ல, தொண்ணூறு!

"தொண்ணூறு பேருக்கு விமானமா? படகு போதாதா? பிறர் வரிப்பணத்தை இதற்கு ஏன் கொட்டவேண்டும்?" என்று கேட்பார் கணக்கர். கேள்வியிலே குற்றமில்லை, விடை கூறுவது நம் கடன். படகு உண்டு. கடல் சீறும் நாளில் அது கரையிலே கட்டுண்டு கிடக்கும். மூடுபனி நாளில் விமானமும் நின்றுபோகும். ஒன்று தவறினால் மற்றொன்று வேண்டுமன்றோ? இலாபம் ஈட்டாத இவ்வழிக்கு ஆர்க்னி மன்றம் பொதுப்பணத்திலிருந்து உதவுவது அதனால்தான்.

உதவாவிட்டால் செலவு மிச்சம் என்று எண்ணுவது ஏமாற்றம். நோயுற்றால் வழியில்லை என்ற ஊரிலே இளைஞர் தங்கார். இளைஞர் தங்காத ஊரிலே பிள்ளைகள் இரார். பிள்ளைகள் இல்லாத ஊரிலே பள்ளி இராது. பிறகு எஞ்சுவது கல்லும் காற்றுந்தான்! அத்தீவின் மக்கள்தொகை 2001இல் 65. பத்தாண்டில் 90 ஆயிற்று. விமானம் ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. வழி அடைபட்ட தீவிலே அந்த வளர்ச்சி வந்திருக்குமா என்றுதான் கேட்கிறேன்.

பெருங்கூட்டத்துக்குப் பெருஞ்சாலை போடுவது எளிது. வாக்குகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. தொண்ணூறு பேருக்காக வானிலே ஒரு வழி திறந்து வைக்க நெஞ்சம் வேண்டும். ஆட்சியின் கை எவ்வளவு நீளம் என்பதைத் தலைநகரில் அளக்காதீர் தோழர்களே! கடைசித் தீவின் கடைசி வீட்டு வாயிலில் அளந்து பாருங்கள்!