பேய்க்கதைகள் பூட்டிய சங்கிலி

மாப்பிள்ளையூரணி முதல் ஏர்வாடி வரை நம் கடற்கரை ஊர்களில் சொல்லப்படும் பேய்க்கதைகள் வெறும் பொழுதுபோக்கா? இறந்தோர் இவ்வுலகுக்குத் திரும்பாதபடி, எழுப்பப்படும் நாள்வரை ‘பர்ஸக்’ எனும் திரை உண்டு என்கிறது திருக்குர்ஆன் (23:100). பிறகு ஏது அலையும் ஆவி? ஜின்கள் உண்டென நம்புகிறோம். அதற்காக மனநோயை எல்லாம் ஜின்னின் சேட்டை எனலாமா?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது ஜின் அல்ல; பேய் பிடித்ததென்னும் நம் மூடநம்பிக்கை.

நோயைத் தந்த அல்லாஹ் நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்றே நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். துஆச் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.