விளக்கு எரிந்தால் போதுமா?

சென்ற திங்கள் வேப்பூரில் ஓர் அன்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பழைய வீட்டின் பின்புறம் புதிதாக இரண்டு அறைகள் எழுந்திருந்தன. சுவரில் குழாய் பதித்துப் பூச்சு வேலையும் முடிந்துவிட்டது. கம்பி இழுத்து விளக்குப் போடுவதே எஞ்சியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன், "ஆளுக்குக் கூலி கொடுப்பானேன் அப்பா? நானே போட்டுவிடுகிறேன்" என்றான். தந்தை நம் பக்கம் திரும்பி, "தம்பி சொல்வதும் நியாயந்தானே, ஐயா?" என்று கேட்டார். தாய் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார்; ஒன்றும் பேசவில்லை.

விடைக்குப் பதிலாக, நம் வீட்டில் நடந்த ஒன்றைக் கூறினோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் சிக்கனம் கருதித் திண்ணை விளக்கை நாமே அமைத்தோம். சுவிட்சைப் போட்டதும் எரிந்தது, நிறுத்தியதும் அணைந்தது. நமக்குப் பெருமை தாங்கவில்லை. ஓராண்டு கழித்து வேறு வேலைக்காக வந்த மின்பணியாளர், சுவிட்சை நிறுத்திவிட்டு ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் ஒளிர்ந்தது! ஃபேஸ் கம்பியில் அமையவேண்டிய சுவிட்சை நாம் நியூட்ரல் கம்பியில் அமைத்திருந்தோம். விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் காத்திருந்தது. அந்த ஓராண்டில் இருமுறை விளக்கை மாற்றியவர் நம் துணைவியார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

விளக்கு எரிவது, வேலை சரியாக நடந்ததற்குச் சான்றாகாது. மின்வேலையில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. யாரேனும் தொடும் நாள்வரை மறைந்தே கிடக்கும்.

"சிறிய விளக்குத்தானே" என்பாரும் உளர். 230 வோல்ட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு எரிய ஏறத்தாழ 40 மில்லியாம்பியர் மின்னோட்டம் வேண்டும். மனித உயிரைக் காக்க அமைக்கும் கசிவுத் தடுப்பானோ 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்குமாறு செய்யப்பட்டது. அந்தச் சிறு விளக்கை எரிப்பதற்கு வேண்டிய மின்னோட்டமே ஓர் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பது இதனால் விளங்கும்.

பியூஸ் காப்பாற்றாதா எனலாம். அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மின்சாதனங்களுக்கான பீங்கான் பொருள்கள் அங்குள்ள சூளைகளில் வெந்து வருகின்றன. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. தன் கடமையை அது செய்கிறது. அதில் நாம் மாட்டும் கம்பியே கவலைக்குரியது. 5 ஆம்பியர் பியூஸ் கம்பி, அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் வீட்டுக் கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமல் காக்கும். 40 மில்லியாம்பியரை அது பொருட்படுத்தாது. எரிந்துபோன இடத்தில் தடித்த செப்புக்கம்பியைச் சுற்றிவிட்டாலோ, அந்தக் காவலும் போயிற்று.

அப்படியானால் எல்லாவற்றிற்கும் ஆள் தேடவேண்டுமா? வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இதற்கு ஓர் எல்லையை வகுத்தது. வீட்டில் விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு மாற்றிக்கொள்ளலாம். புதிய இணைப்பும் மாற்றமும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாகவே நடைபெறவேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் 2023-இலும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்த எல்லை தொடர்கிறது. ஆகவே பழைய விளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவதற்குக் கூலி வேண்டாம். அப்போதும் மெயினை நிறுத்திவிட்டே கைவைக்கவேண்டும். புதிய அறைக்குக் கம்பி இழுப்பது வேறு வேலை; அதற்கு ஆள் வேண்டும்.

வருபவரிடம் சிலவற்றைக் கேட்டறிவதில் கூச்சம் வேண்டாம். தகுதிச் சான்று உண்டா? சுவிட்ச் யாவும் ஃபேஸ் கம்பியில் உள்ளனவா? எர்த் கம்பி ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் வருகிறதா? ஒரே விளக்குச் சுற்றில் பத்துக்கு மேற்பட்ட இணைப்புகளோ 800 வாட்டுக்கு மேற்பட்ட சுமையோ சேர்ந்துவிட்டதா? கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா? நல்ல பணியாளர் இவற்றிற்கு மகிழ்ந்தே விடை கூறுவார். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்கவேண்டாம். அந்தப் பணத்தில்தான் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டும்போதும் இதனை மறவாதீர்கள். ஒட்டுப்போட்ட கம்பியைப் பனியில் தொங்கவிடுவோர் நம் பங்குகளில் இன்னும் உளர்.

வேப்பூர் அன்பர் பின்னர் மின்பணியாளரை அழைத்தார் என்று அறிந்தோம். மகன் இரண்டு நாளும் அவர் அருகில் நின்று, கேட்டதை எடுத்துக்கொடுத்து, வேலையைக் கண்டான். முடிவில் அவர் சுவிட்சுகளை நிறுத்தி, டெஸ்டரை ஹோல்டர் ஒவ்வொன்றிலும் வைத்துக் காட்டினார். ஒன்றிலும் அது ஒளிரவில்லை. அதன் பின்னரே விளக்குகளை மாட்டினார்கள்.