நின்றால் கெடும் வண்டி

பழைய மோட்டார்ஹோம் விற்பவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைப் பெருமையோடு சொல்வார்கள்: “அதிகம் ஓடவே இல்லை, கொட்டகையிலேயே நின்ற வண்டி.” அதைக் கேட்டாலே எனக்குப் பதறும். அரை நூற்றாண்டு வயதான வண்டியில், ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதுதான் எப்போதும் அதிகம். நிற்கிற வண்டியின் டயர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிப்பு விடுகிறது. பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கிறது. பிரேக் சிலிண்டர் துருவேறி இறுகுகிறது. கூரையில் எங்கோ புகுந்த மழைத்தண்ணீர், ஒருவர் கண்ணிலும் படாமல் தரைப் பலகையை ஊறவைத்து இற்றுப்போகச் செய்கிறது. எலி கூடுகட்டி ஒயரைக் கடித்து வைக்கிறது.

என்னிடம் இருப்பது 1976-ஆம் ஆண்டு ஜி.எம்.சி. மோட்டார்ஹோம். நீளம் 26 அடி. நான் வசிக்கும் இதே மிச்சிகன் மாநிலத்தில், பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தது. 1973 முதல் 1978 வரையிலான மாடல்களாக மொத்தம் 12,921 வண்டிகள் வெளிவந்தன. அதன்பிறகு தொழிற்சாலையின் இடம் வேறு வண்டிகளுக்குத் தேவைப்பட, ஜெனரல் மோட்டார்ஸ் இதை நிறுத்திவிட்டது. இத்தனை குறைவாகச் செய்த ஒரு வண்டியை இன்றும் இவ்வளவு பேர் ஓட்டுகிறார்கள் என்றால், அதற்கு முதல் காரணம் அதை வடிவமைத்த விதம்.

அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகளில் பெரும்பாலானவை லாரிச் சேசிஸ் ஒன்றை வாங்கி அதன்மேல் ஒரு பெட்டியைப் பொருத்தி விற்றன. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ காரின் 7.5 லிட்டர் வி8 எஞ்சினையும் கியர் பாக்ஸையும் எடுத்து, முன்சக்கரங்களை இழுக்கும்படி முன்னாலேயே அடக்கிவிட்டார்கள். 1966-இல் வந்த அந்த டொரனாடோ, முப்பதுகளின் கார்டு கார்களுக்குப் பிறகு அமெரிக்காவில் வந்த முதல் முன்சக்கர இழுவைக் கார். இதனால் வண்டிக்கு அடியில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்டும் இல்லை, பின்னால் ஆக்சிலும் இல்லை. தரை ரோட்டிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்துக்குள் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள என் மாமியார்கூட யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிடுவார்.

பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் தனித்தனிக் கையில் தொங்குகிறது, இரண்டு கைகளுக்கும் நடுவே ஓர் ஏர் பேக். முன்சக்கரம் தடுக்கும் குழியில் பின்னால் படுத்திருப்பவர் தூக்கம் கலைவதில்லை. முகாமில் நிறுத்தியதும் பைகளில் காற்றைக் கூட்டிக் குறைத்து வண்டியை மட்டம் செய்யலாம். இது சொகுசு மட்டுமல்ல. கேஸில் ஓடும் பிரிட்ஜில் அம்மோனியா தன் எடையில் இறங்கித்தான் சுற்றிவர வேண்டும். சாய்ந்து நின்றால் சுற்று தடைபடும், பிரிட்ஜே பாழாகும். அந்த வடிவமைப்பாளர்கள் இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து யோசித்திருக்கிறார்கள். படுத்துக்கொண்டு அடிப்பாகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

ஆனால் ஐம்பது வருடம் கழித்துப் பங்க்கில் எந்தப் பெட்ரோல் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இன்று இங்கே கிடைப்பதில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. இளகும், பிறகு வெடிப்பு விடும். இரண்டு டாங்கியிலும் சேர்த்து ஏறக்குறைய 190 லிட்டர் பெட்ரோல். ஹோஸ்கள் டாங்கிகளின் மேல்பக்கம் ஓடுகின்றன, டாங்கியை இறக்காமல் கை போகாது. அதனாலேயே பலர் ஹோஸ் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். கசிகிற பெட்ரோல், கிட்டத்திலேயே கொதிக்கிற சைலன்சர் குழாய், உள்ளே எரிகிற கேஸ். பழைய மோட்டார்ஹோம்கள் தீயில் போவதற்கு வேறென்ன வேண்டும்? சோபாத் துணி கிழிந்திருந்தால் இன்னும் நாலு வருடம் கிழிந்தபடி கிடக்கட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி, அத்தனையையும் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட வேண்டும்.

டயரிலும் இதே கண்டிப்பு வேண்டும். பட்டன் எத்தனை ஆழம் இருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்படுவது இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. இவற்றின் டயர் தேய்வதற்கு முன்பே கிழமாகிவிடும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2318 என்றிருந்தால், 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஏழெட்டு வருடம் தாண்டிவிட்டால், புதுசுபோல் மின்னினாலும் நான் அதை நம்பி என் குடும்பத்தை ஏற்றுவதில்லை. அதோடு, இந்த வண்டியோடு வந்த 16.5 அங்குல ரிம்முக்கு இப்போது டயர் கிடைப்பதே அரிது. பெரும்பாலான சொந்தக்காரர்கள் 16 அங்குலத்துக்கு மாறிவிட்டார்கள். நானும் மாறினேன்.

‘ஒரிஜினல்’ போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்களோடு எனக்கு இங்கேதான் ஒத்துப்போவதில்லை. கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதற்கு என்றால் ஒரிஜினல் இருக்கட்டும். சாமான் ஏற்றினால் ஐந்து டன்னைத் தொடும் வண்டி மலையிறக்கத்தில் வரும்போது, பின்னாலிருக்கும் நாலு டிரம் பிரேக்குகளின் வயது வரலாற்றுப் பெருமை ஆகாது. முன்சக்கர பேரிங்குகளுக்குக் கழற்றாமலே கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்த பாகங்களை, கம்பெனி அல்ல, இந்த வண்டியை ஓட்டுகிறவர்களே யோசித்துச் செய்து விற்கிறார்கள். அதை மாட்டுவது இந்த வண்டிக்குச் செய்யும் துரோகம் இல்லை. கம்பெனி கைவிட்ட பிறகு வண்டியைத் தொடர்ந்து வடிவமைத்து வருபவர்கள் இவர்கள்தான். எந்த ஊரில் வண்டி நின்றால் யாரைக் கூப்பிடலாம் என்றுகூடத் தங்களுக்குள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் ராத்திரியில் டார்ச் விளக்கோடு வந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் மண்ணில் படுத்து எங்கள் ஏர் பேக்கை மாற்றிக்கொடுத்தார். காபிக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

குளிர்காலத்தில் மட்டும் நிறுத்தத்தான் வேண்டும். இங்கே ரோட்டில் கொட்டுகிற உப்பு, இரும்புச் சேசிஸைத் தின்றுவிடும். தண்ணீர்க் குழாய்களை வடித்து, விஷமில்லாத அந்த இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸை ஒவ்வொரு குழாயிலும் வரும்வரை ஓட்ட வேண்டும். ஒரு குழாய் வளைவை மறந்தாலும் உறைந்து வெடிக்கும். பெட்ரோல் டாங்கியை நிரப்பிவைத்து, பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதை நல்ல பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் சூடாவதற்குள் அணைத்தால், எரிபொருள் எரிந்து உண்டான நீராவி எஞ்சினுக்குள்ளும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். ஸ்டார்ட் செய்தால் இருபது மைலாவது ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. உப்பை மழை கழுவியதும் ஏப்ரலிலிருந்து நான் காய்கறி வாங்கக்கூட அதில்தான் போகிறேன். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்ற கணக்கை வீட்டில் யாரும் இப்போது எடுப்பதில்லை.

பக்கத்து ஊரில் வேலைபார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். “ஏனுங்ண்ணா, ஒஹாயோவுல ஒரு வண்டி பாத்தனுங். 75 மாடல். ரொம்ப ஓடலைங்றாங்க. எடுத்தரலாங்ளா?” விலையை நான் கேட்கவில்லை. டயர் தேதி என்ன, ஹோஸ் எப்போது மாற்றினார்கள், கதவோரத் தரையை ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறதா என்று மட்டும் பார்த்துவரச் சொன்னேன். தரை கெட்டியாக இருந்தது. மற்ற இரண்டும் நான் எதிர்பார்த்தபடியே மோசம். அதைச் சொல்லியே விலையைக் குறைத்து வாங்கிவிட்டார். ஓட்டிக்கொண்டு வரக்கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லி, லாரியில் ஏற்றிவரச் செய்தேன். வரும் சனிக்கிழமை இருவருமாக டாங்கிகளை இறக்குகிறோம். ஜூலையில் இரண்டு வண்டியும் சேர்ந்து மேக்கினா பாலத்தைத் தாண்டி வடக்கே போவதாகத் திட்டம். அதற்குள் அவருக்கு ஆறு டயரும் இரண்டு ஏர் பேக்கும் வந்து சேர வேண்டும். ஆர்டர் போட்டாகிவிட்டது.