கால் விரலில் கைவேலை!

கீழே விழுந்த பத்து ரூபாய் நோட்டைக் குனியாமல், கால் பெருவிரலால் கவ்வியெடுத்துக் கையில் கொடுக்கிற ஆசாமி உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். எங்கள் சங்கரன்கோவிலிலும் ஒருத்தர் இருக்கிறார். ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். (பெயர் வேண்டாம், கடையின் பெயர் அதைவிட வேண்டாம்!) விரல்களை விசிறி மாதிரி விரிப்பார். காலாலேயே பேனா மூடியைக் கழற்றுவார். டீக்கடையில் ஓசி டீ நிச்சயம். "அண்ணாச்சி, போன ஜென்மத்துல நீங்க அனுமார்தான்!"

அதே அனுமார் ஒரு பொடி ஜல்லியை மிதித்தால் போச்சு... துள்ளிக் குதிப்பார். செருப்பு வார் உரசினாலே எரியும். சாயங்காலமானால் கணுக்கால் பிசகும். முதலாளி விடுவாரா? "ஆடித்தபசுக்குக் கோமதியம்மன் ஒத்தக்கால்ல நின்ன ஊருவே இது! உமக்கு ரெண்டு கால் இருக்குல்லா?"

"அம்மனுக்கு சங்கரநாராயணர் தரிசனம் கிடைச்சுது முதலாளி. எனக்கு வீக்கம்தான் கிடைக்கு" என்றார் இவர். பதிலுக்கு முறைப்பு. வித்தை காட்டத் தெரிந்தவனுக்கு நிற்கத் தெரியாதா என்பது கடையில் எல்லோருடைய சந்தேகமும்.

வித்தையும் வலியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சொன்னவர் திருநெல்வேலி டாக்டர் ஒருவர். எலும்புகளைக் கட்டி வைக்கிற நாரில் கொலாஜன் என்று ஒரு புரதம். அதன் நெசவு சரியில்லையென்றால் மூட்டு பழைய பைஜாமா எலாஸ்டிக் மாதிரி. இழுத்த இழுப்புக்கு வரும், பிடித்து நிறுத்தாது. நார் செய்ய வேண்டிய வேலையெல்லாம் தசையின் கணக்கில் பற்று எழுதப்படும். (பி.காம். படித்தவன் வேறெப்படிச் சொல்வேன்!) ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்பு. நாள் முழுக்க நின்றால் தசை என்ன பாடுபடும்? சிலருக்கு நுண்ணிய நரம்புகளும் கெடுவதால் எரிச்சல் வேறு.

டென்மார்க்கின் ஏலர்ஸ் 1901-லும், பிரான்ஸின் டான்லோஸ் 1908-லும் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதி வைத்தார்கள். வியாதிக்கு இருவர் பெயரும் வந்துவிட்டது. 2017-ல் பட்டியல் போட்டதில் 13 வகை. அதில் ரொம்பப் பேருக்கு வருகிற 'தளர்மூட்டு' வகைக்கு இன்னும் ரத்தப் பரிசோதனையே கிடையாது. டாக்டர் வளைத்துத்தான் பார்க்க வேண்டும். சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் இரண்டிரண்டு மார்க். முழங்கால் மடக்காமல் உள்ளங்கை தரையில் படிந்தால் ஒரு மார்க். மொத்தம் 9. நம்மாள் 8 வாங்கினார். கால் விரல் வித்தைக்கு எத்தனை தெரியுமா? சைபர்! அது சிலபஸிலேயே இல்லை.

உடனே ஆபீஸில் எல்லோரும் விரலை வளைத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள். வளைகிற விரல்காரர்களில் பெரும்பாலோர் சௌக்கியமாக இருக்கிறார்கள். வலி, அடிக்கடி மூட்டு நழுவல் என்றிருந்தால்தான் டாக்டர்.

நம்மாளுக்கு வித்தை கட். தசையைப் பலப்படுத்தத் தினம் பயிற்சி. மெத்தென்ற செருப்பு. முக்கியமாக, நடுநடுவே உட்கார வேண்டும். கடையிலா? சட்டமே இருக்கிறது, சார்! ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்திவிட்டது. சீட்டைக் காட்டினார், சட்டத்தையும் சொன்னார். முதலாளி முனகிக்கொண்டே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். ஸ்டூல் மேல் சேலைக் கட்டு உட்கார்ந்திருந்தது. நம்மாள் அதை இறக்கி வைத்துவிட்டு, முதலாளி பார்க்கப் பார்க்க உட்கார்ந்தார். கையால்தான் இறக்கினார்.