ஆடுகள் கேட்ட ஒரு நாள்!

"பொம்மைப் படமா? ஆட்டுக்குட்டிகள் துள்ளி விளையாடும் சிறுவர் படமா? அதைப் பற்றி எழுதவா இந்தப் பத்தி? நாட்டிலே பேசுவதற்கு வேறு பொருளா இல்லை?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும்! கேட்டுவிட்டு, நாம் சொல்லப்போவதையும் சற்றுக் கேட்கட்டும்.

பொம்மைப் படந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொம்மைகள் கேட்டது என்ன தெரியுமா? பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை, அரியணையில் அமர இடம் கேட்கவில்லை. ஒரு நாள் ஓய்வு கேட்டன. ஒரே ஒரு நாள்! அதைக் கேட்டுப் பெற வழியில்லாததால் திருடிப் பெற்றன. அந்தத் திருட்டின் கதைதான் 'ஷான் த ஷீப்' என்ற படம். 2015-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டிலிருந்து வெளிவந்தது. குழந்தைகள் கண்டார்கள், கைகொட்டிச் சிரித்தார்கள். உழைத்துப் பிழைப்பவன் கண்டால் சிரிப்பான். சிரித்து முடித்ததும் சிந்திப்பான்.

ஷான் யார்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே ஆர்ட்மன் என்றொரு படக்கூடம் உண்டு. பீட்டர் லார்டு, டேவிட் ஸ்ப்ராக்ஸ்டன் என்ற பள்ளித் தோழர்கள் இருவர் 1972-இல் தொடங்கியது. அங்கே பின்னர் வந்து சேர்ந்த நிக் பார்க் என்ற கலைஞர் 1995-இல் ஒரு குறும்படம் எடுத்தார். அதிலே தலைகாட்டிய சின்னஞ்சிறு ஆடுதான் ஷான். மயிர் மழிக்கப்பட்டது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் அந்தப் பெயரும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். பெயரிலேயே நையாண்டி! ஆண்டுதோறும் தன் மயிரைப் பிறருக்குப் பறிகொடுக்கும் ஆட்டுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? 2007-இல் அந்த ஆடு தொலைக்காட்சிக்கு வந்தது. நாடு நாடாகப் போயிற்று. எட்டு ஆண்டு கழிந்து, 85 நிமிட முழுநீளப் படமாக உயர்ந்தது. இயக்கியவர்கள் மார்க் பர்ட்டன், ரிச்சர்ட் ஸ்டார்ஸாக் ஆகிய இருவர்.

இந்தப் படத்திலே பேச்சே கிடையாது. பாட்டு உண்டு, இசை உண்டு, ஆடு கத்தும், நாய் உறுமும், மனிதன் முணுமுணுப்பான். ஆனால் ஒரு மொழியிலும் ஒரு வசனமும் இல்லை. ஆங்கிலேயன் எடுத்த படம். ஆயினும் 'ஆங்கிலம் தெரிந்தால் உள்ளே வா, தெரியாவிட்டால் வெளியே நில்' என்று அது கூறவில்லை. சீனத்துக் குழந்தைக்கும் சிரிப்பு வரும். செர்மானியக் குழந்தைக்கும் சிரிப்பு வரும். தன் மொழியைப் பிறர் தலையிலே ஏற்றாமலே உலகைச் சுற்றி வர முடியும் என்பதற்கு ஓர் ஆட்டுக்குட்டி சான்று! அறிய வேண்டியவர்கள் அறிவார்களாக.

இனிக் கதைக்கு வருவோம்.

ஒரு பண்ணை. பண்ணைக்கு ஒரு சொந்தக்காரன். அவனுக்கு உதவியாக பிட்சர் என்ற நாய். அதுதான் அங்கே மேஸ்திரி! மேய்க்கப்படும் ஆடுகளிலே ஒன்று ஷான். ஒரு காலத்தில் பண்ணைக்காரனும் இளைஞன், நாயும் குட்டி, ஆடும் குட்டி. கூடி விளையாடினார்கள், கூடிச் சிரித்தார்கள். ஆண்டுகள் ஓடின. சிரிப்பு போயிற்று, அட்டவணை வந்தது. சேவல் கூவியதும் எழு! பட்டியிலிருந்து புறப்படு! தின்னச் சொன்னால் தின்! மயிர் கத்தரிக்க வரிசையில் நில்! இன்றைக்கு எழுதியிருப்பதுதான் நாளைக்கும். நாளைக்கு எழுதப்போவதுதான் அதற்கு மறுநாளும். சங்கு ஊதியதும் வாயிற்படி ஏறுகிறவனுக்கு இந்தப் பண்ணை புதிய இடமா, தோழர்களே?

ஒரு நாள், சாலையிலே ஓடும் பேருந்தின் பக்கத்தில் ஒட்டியிருந்த விளம்பரம் ஷானின் கண்ணில் படுகிறது. ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொள் என்கிறது விளம்பரம். ஆட்டின் உள்ளத்திலே அது விதையாக விழுகிறது. திட்டம் பிறக்கிறது. மேஸ்திரி நாயை வேறு பக்கம் இழுத்துச் செல்ல ஒரு வாத்துக்கு ரொட்டித் துண்டு கூலி பேசப்படுகிறது. ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலியைத் தாண்டுகின்றன. தாண்டிய ஆடு சுற்றிவந்து மீண்டும் தாண்டுகிறது. எண்ணிக்கொண்டே நிற்கிறான் பண்ணைக்காரன். எண்ண எண்ணத் தூக்கம் வருகிறது. ஆட்டை எண்ணினால் உறக்கம் வரும் என்பது மேலைநாட்டார் வழக்கு. அந்த வழக்கையே ஆயுதமாக்கிவிட்டன ஆடுகள்!

தூங்கியவனை ஒரு பழைய வண்டிவீட்டிலே கிடத்துகின்றன. அங்கேதான் வினை. அந்த வண்டி உருண்டுவிடுகிறது, பெருநகரத்துக்கே ஓடிவிடுகிறது. பண்ணைக்காரனுக்குத் தலையிலே அடி. மருத்துவமனையிலே கண் விழிக்கிறான்; தான் யார் என்பதே நினைவில்லை. பெயர் மறந்தது, ஊர் மறந்தது, பண்ணையும் மறந்தது.

ஆனால் ஒன்றை மறக்கவில்லை. நகரத் தெருவிலே அலைந்தவன் ஒரு முடிதிருத்தும் கடைக்குள் நுழைகிறான். கத்தரிக்கும் கருவியைக் காண்கிறான். கை தானாகப் போகிறது. ஆட்டுக்குச் செய்ததை ஆளுக்குச் செய்கிறது! தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. உழைத்த கை எங்கே மறக்கும்? இந்த ஓரிடத்துக்காகவே இந்தப் படத்தைப் பாராட்டலாம்.

அடுத்து வருவது நல்ல நையாண்டி. அவன் கத்தரித்த தலையைக் கண்டு நகரமே மயங்குகிறது. 'ஆகா, புதுமை! ஆகா, நாகரிகம்!' என்று கூட்டம் கூடுகிறது. பட்டிக்காட்டிலே ஆட்டுக்குச் செய்தால் அது கூலி வேலை. பட்டணத்திலே பணக்காரன் தலைக்குச் செய்தால் அது கலை! கை அதே கை, கருவியும் அதே வகை. மாறியது எது? கண்ணாடி பதித்த கடை மாறிற்று, காசு கொடுப்பவன் மாறினான், அவ்வளவுதான்.

எசமானனைத் தேடி ஆடுகளும் நகரத்துக்குப் புறப்படுகின்றன. பழைய துணி விற்கும் கடையிலே புகுந்து, மனிதர் உடையைப் போட்டுக்கொண்டு தெருவிலே நடக்கின்றன. உயர்ந்த உணவுவிடுதியிலே போய் உட்காருகின்றன. 'யாரடா நீ?' என்று கேட்பார் இல்லை! கோட்டு இருக்கிறது, தொப்பி இருக்கிறது. உள்ளே இருப்பது ஆடா ஆளா என்று எவன் பார்க்கிறான்? மேலாடையைப் பார்த்து மரியாதை கொடுக்கும் உலகத்தை இதைவிட எளிதாக எள்ளி நகையாட முடியுமா? ஊடே டிரம்பர் என்றொருவன் வருகிறான். ஆளற்ற விலங்குகளைப் பிடித்து அடைப்பது அவன் வேலை. சீருடை இருக்கிறது, கையிலே கருவி இருக்கிறது. நெஞ்சிலே ஈரந்தான் இல்லை. இத்தகையவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

இறுதியிலே எல்லாம் நலமாக முடிகிறது. பண்ணைக்காரனுக்கு நினைவு திரும்புகிறது; அனைவரும் ஊர் திரும்புகிறார்கள். மறுநாள் காலை அட்டவணை அகற்றப்படுகிறது; அன்று அனைவருக்கும் விடுமுறை!

இந்தக் கதைக்கு முதலாளித் தோழர்கள் ஒரு பொருள் கூறுவார்கள். 'பார்த்தீர்களா? ஆடுகள் ஓய்வு எடுத்தன, எத்தனை கேடு! எசமானன் இல்லாமல் ஆடுகள் தவித்தன அல்லவா? ஆகவே அட்டவணையே நல்லது, வேலியே காவல்' என்பார்கள்.

நாம் கேட்கிறோம்: கேடு எதனால் வந்தது? ஓய்வாலா? இல்லை, ஓய்வை மறைத்து எடுக்க நேர்ந்ததால்! வாரம் ஒரு நாள் உங்களுடையது என்று பண்ணையிலே எழுதி வைத்திருந்தால், வேலி தாண்டும் வித்தை எதற்கு? வாத்துக்கு ரொட்டி எதற்கு? வண்டி உருண்டிருக்குமா? தலை உடைந்திருக்குமா? ஓய்வு உரிமையாக இல்லாத இடத்திலே, ஓய்வு திருட்டாகிறது. திருட்டாக்கியவன் யார்? அட்டவணை எழுதியவன்! இன்னொன்றும் பாருங்கள்: ஆடுகள் மட்டுமா தவித்தன? ஆடுகளைப் பிரிந்த பண்ணைக்காரன், தான் இன்னார் என்று தனக்கே தெரியாதவனாகி நின்றான். ஆடு இல்லாவிட்டால் ஆட்டுப் பண்ணைக்காரன் ஏது?

இந்தப் படம் பிறந்த நாட்டின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் ஆலைகளிலே சிறுவரும் பெண்டிரும் பொழுது புலருமுன் புகுந்து பொழுது சாய்ந்து வெளிவந்த காலம் ஒன்று இருந்தது. போராடினார்கள், 1847-இல் அவர்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. 1850-இல் வந்த சட்டந்தான் துணி ஆலைகளிலே அவர்கள் வேலையைச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நிறுத்தியது. வங்கி விடுமுறைச் சட்டம் 1871-இல். சம்பளத்தோடு விடுமுறை என்பது சட்டப் புத்தகத்திலே ஏறியது எப்போது? 1938-இல்! கடலெல்லாம் கப்பலோட்டி, கண்டமெல்லாம் கொடி நாட்டிய நாட்டுக்கு, தன் தொழிலாளிக்குக் கூலியோடு ஓய்வு தர அத்தனை காலம் ஆயிற்று. ஓய்வு வானத்திலிருந்து விழவில்லை, தோழர்களே! ஒவ்வொரு மணி நேரமும் கேட்டுக் கேட்டுப் பெற்றது.

ஆகவே படத்தின் முடிவிலே நமக்கு ஒரு குறை உண்டு; சொல்லாமலிருக்க முடியாது. பண்ணைக்காரன் அட்டவணையை அகற்றினான், மகிழ்ச்சி. ஆனால் அது அவன் மனம் நெகிழ்ந்த ஒரு காலை! நெகிழ்ந்த மனம் நாளை இறுகினால்? எடுத்த தாளை மறுநாள் மீண்டும் ஆணியடித்து மாட்டினால்? தடுப்பது எது? கருணை வேறு, உரிமை வேறு. கருணை கொடுப்பவன் கையிலே இருக்கிறது. உரிமை எழுத்திலே இருக்கிறது. படம் கருணையோடு நின்றுவிட்டது.

ஆனால் படம் நின்ற இடத்திலிருந்து, படமெடுத்த கூடம் ஓரடி முன்னே நடந்தது. அதுதான் இந்தக் கதையிலே திரையில் வராத பகுதி.

இத்தகைய படம் எப்படி உருவாகிறது? கம்பி எலும்பும் பஞ்சுத் தோலும் கொண்ட சிறு பொம்மை. தலையை மயிரிழை திருப்பு. ஒரு படம் எடு. காலை நெல்லளவு நகர்த்து. இன்னொரு படம் எடு. ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். 85 நிமிடம் என்றால் கணக்குப் போடுங்கள்: 1,22,400 படங்கள்! ஒரு கலைஞர் நாளெல்லாம் நின்று வேலை செய்தாலும் திரையிலே சில விநாடிகள்தான் தேறும். ஆடுகளின் ஒரு நாள் ஓய்வைக் காட்ட மனிதர்கள் எத்தனை நாள் உழைத்திருக்கிறார்கள்! அந்த உழைப்பு வீண் போகவில்லை. உலகெங்கும் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூல்; ஆஸ்கர் பரிசுக்குரிய படங்களின் பட்டியலிலும் இடம்.

இவ்வளவு பெயர் பெற்ற கூடத்தை விலைக்கு வாங்கப் பெரும் பண மூட்டைகள் வாராமலா இருக்கும்? நிறுவியவர்கள் இருவரும் முதுமையை நெருங்கினார்கள். விற்றிருக்கலாம், கோடி கோடியாக வாங்கிக்கொண்டு ஓய்ந்திருக்கலாம். 2018 நவம்பரில் அவர்கள் செய்தது வேறு. கூடத்தின் பங்குகளில் நூற்றுக்கு 75 பங்கை, அங்கே பணியாற்றுவோரின் நலனுக்கான அறக்கட்டளைக்கு மாற்றினார்கள். பொம்மையை நகர்த்தும் கைகளின் பெயரால் கூடத்தின் பெரும்பகுதி அமைந்தது!

இதனால் பிரிஸ்டலிலே பொன்னுலகம் பிறந்துவிட்டது என்று நாம் முழங்கப்போவதில்லை. பங்கு வேறு, கூலி வேறு, வேலை நேரம் வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. கொடுத்தவர்களும் உரிமையாளர்கள்தாம். ஆயினும் பண்ணைக்காரன் அகற்றிய தாளுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அது ஒரு காலைப்பொழுதின் மனநிலை. இது எழுதிக் கையெழுத்திட்ட ஏற்பாடு. நாளைக்கு எவர் வந்தாலும், முகம் பார்த்துக் கெஞ்சவேண்டியதில்லை. எழுத்தைக் காட்டிப் பேசலாம்.

தோழர்களே! இந்தப் படத்தை உங்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். மொழி தடையில்லை, வயதும் தடையில்லை. குழந்தை சிரிக்கும், நீங்களும் சிரியுங்கள். படம் முடிந்ததும் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "அப்பா, ஆட்டுக்கு லீவு கிடைச்சுதே, உங்களுக்கு எப்போ?"

'முதலாளி மனம் வைத்தால்' என்று விடை கூறாதீர்கள். அது ஆடு கூறும் விடை. 'சட்டத்திலே இருக்கிறது, சங்கம் கேட்கும், நானும் கேட்பேன்' என்று கூறுங்கள். அதுதான் ஆள் கூறும் விடை!