மஞ்சள் கறுப்பு உடைக்காரர்கள்



போன மாதம் ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா என்னைத் தனியே அழைத்தார். "சிஸ்டர், நீங்கதான் என் பையன்கிட்ட பேசணும். கதவைச் சாத்திக்கிட்டு ஹெவி மெட்டலாம், அதையே கேட்டுக்கிட்டிருக்கான். பாட்டா அது? பிசாசு பிடிச்ச மாதிரி கத்துறாங்க. ஹெட்போனைப் பிடுங்கிடலாமான்னு அவங்க அப்பா கேக்கிறார்" என்றார். அந்தத் தம்பி சற்றுத் தள்ளி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் சேர்த்து இந்த மாதம் ஒரு ஆல்பத்தின் கதையைச் சொல்கிறேன்.

1986 அக்டோபரில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்ட்ரைப்பர் என்ற ஹெவி மெட்டல் குழு 'டு ஹெல் வித் த டெவில்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. நான்கு வாலிபர்கள். நீண்ட தலைமுடி, முகத்தில் ஒப்பனை, மஞ்சளும் கறுப்புமாக வரிபோட்ட இறுக்கமான உடை, காதைப் பிளக்கும் கிட்டார். தலைப்பைக் கேட்டுப் பலர் பயந்தார்கள். ஆனால் அதன் பொருள், 'பிசாசு நரகத்துக்கே போகட்டும்' என்பதுதான். குழுவின் பெயரே ஏசாயா 53:5இலிருந்து வந்தது. ஆங்கில வேதத்தில் 'ஸ்ட்ரைப்ஸ்' என்று இருப்பதை நம் வேதம் 'தழும்புகள்' என்கிறது. அந்த வசனத்தின் எண்ணைத் தங்கள் பெயரோடு சேர்த்தே அச்சிட்டார்கள். கச்சேரி நடுவே மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாடுகளை வீசுவார்கள்.

அமெரிக்காவில் அந்த ஆல்பம் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதிலிருந்த 'ஆனஸ்ட்லி' என்ற மென்மையான பாடல் பில்போர்டு பட்டியலில் 23ஆம் இடம்வரை ஏறியது. சபை வாசலை மிதிக்காத பிள்ளைகள் எம்.டி.வி.யில் இவர்களைப் பார்த்தார்கள்.

ஆனால் இரண்டு பக்கமும் அடி விழுந்தது. மெட்டல் ரசிகர்களில் பலர், பாட்டுக் கேட்க வந்தால் பிரசங்கம் பண்ணுகிறார்கள் என்று கேலி செய்தார்கள். விசுவாசிகளில் பலர், இந்த உடையும் இரைச்சலும் ஆண்டவருக்கு அடுத்தவையா என்று கேட்டார்கள். தேவதூதர்கள் பிசாசைத் தள்ளுவதுபோல் வரைந்த அட்டைப்படத்துக்கே எதிர்ப்பு கிளம்பியது. பிறகு வெறும் கறுப்பு அட்டை போட்டார்கள்.

கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர், அன்று உலகமெங்கும் தொலைக்காட்சியில் பிரசங்கித்துவந்த ஜிம்மி ஸ்வாகர்ட். வேதத்தைக் கூட்டத்துக்குள் வீசுவது பன்றிகளுக்கு முன் முத்துகளைப் போடுவதுபோல என்றார். கிறிஸ்தவ ராக் இசை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று 1987இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய சொந்த உறவினர்தான் ராக் அண்ட் ரோல் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸ். அந்த இசை ஒரு மனிதனை எங்கே கொண்டுபோகும் என்று அவர் பயந்ததற்குத் தன் குடும்பத்திலேயே காரணம் கண்டிருக்கலாம்.

இந்தக் கதையில் என்னை நிறுத்தியது இனி வருவதுதான். ஸ்ட்ரைப்பரின் பாடகர் மைக்கேல் ஸ்வீட்டும், டிரம்ஸ் வாசிக்கும் அவர் அண்ணன் ராபர்ட்டும் சிறுவயதில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டது எப்படித் தெரியுமா? 1975இல், வீட்டில் தொலைக்காட்சிப் பிரசங்கம் ஒன்றைப் பார்த்து. பிரசங்கித்தவர் அதே ஜிம்மி ஸ்வாகர்ட்! தான் விதைத்த விதை மஞ்சள் கறுப்பு உடை போட்டு முளைத்து வந்து நின்றபோது, அதை அவரால் அடையாளம் காண முடியவில்லை.

பெற்றோரே, நாமும் விதைக்கிறோம். குடும்ப ஜெபம், ஓய்வுநாள் பள்ளி, மனப்பாட வசனம். அது நம் பிள்ளைக்குள் நமக்குத் தெரிந்த ராகத்தில்தான் முளைக்க வேண்டுமா?

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1988இல் ஸ்வாகர்ட் தம் பாவத்தைக் கேமரா முன் அழுது அறிக்கையிட்டார். 'பார்த்தாயா' என்று நாம் சிரிக்க வேண்டாம். 1990இல் ஸ்ட்ரைப்பரும் மஞ்சள் கறுப்பைக் கழற்றிவிட்டு, ஆண்டவரைப் பற்றி வெளிப்படையாகப் பாடாத ஒரு ஆல்பத்தை வெளியிட்டது. அந்த நாட்களில் குடியில் விழுந்ததை அவர்களே பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள். 1992இல் மைக்கேல் குழுவைவிட்டு விலகினார். பல வருடம் கழித்துத்தான் மறுபடி ஒன்றுசேர்ந்து, 2005இல் புதிய ஆல்பம் போட்டார்கள். ஆகவே 'கிறிஸ்தவ' என்ற முத்திரை ஒரு பாட்டையும் காப்பாற்றாது, பிரசங்க மேடை ஒரு மனிதனையும் காப்பாற்றாது. பிரசங்கியும் பாடகரும் ஒரே தழும்புகளை நம்பித்தான் எழுந்திருக்க முடியும்.

அவசரப் பிரிவில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று: அதிகம் கத்துகிறவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார் என்று நினைக்காதே. சத்தமே போடாமல் மூலையில் கிடக்கிறவரைப் போய்ப் பார். அன்று எனக்குக் கவலை தந்தது அந்தத் தம்பியின் பாட்டு அல்ல, அவன் மௌனம்.

அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னேன். "ஹெட்போனைப் பிடுங்காதீங்க அக்கா. அதைக் கழற்றி, ஒரு பாட்டை எங்களுக்கும் போட்டுக் காட்டுப்பான்னு கேளுங்க. வரிகளை அவனையே வாசிக்கச் சொல்லுங்க. தப்பான வரி இருந்தா அப்போ பேசுங்க."

இரண்டு வாரம் கழித்து அவன் அப்பாவே என்னைத் தேடி வந்தார். அவன் கேட்பது ஸ்ட்ரைப்பர் அல்ல, கிறிஸ்தவக் குழுவும் அல்ல. அவன் போட்டுக் காட்டிய பாட்டு, நண்பர்கள் எல்லாரும் ஒதுக்கிவிட்ட ஒருவனைப் பற்றியது. புதிய பள்ளியில் ஐந்து மாதமாக மதியம் தனியாகச் சாப்பிடுகிறானாம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"பாட்டு எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை சிஸ்டர்," என்றார். "ஆனா பையன் பேசினான்."

இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். பிள்ளைகளே, நீங்களும் அப்பா அம்மாவுக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையை முழுதாக உட்கார்ந்து கேளுங்கள். அது ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள். ஹெட்போன் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன காது நரம்பு திரும்ப வராது. இது நர்ஸ் அக்காவின் கட்டளை!