எடை போட்டால் போதுமா?

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில், ஒன்றரை வயதுக் குழந்தை கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை என்றால் யாரும் பதறுவதில்லை. "அவங்கப்பனே நாலு வயசுலதானுங் பேசுனான்" என்று அப்பத்தா முடித்துவிடுவார்.

கிராம சுகாதார செவிலியராக அந்தத் தெருக்களில் நடந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். அப்பத்தாவுக்குப் பதில் சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி போதவில்லை. எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று தாய் சேய் நல அட்டையில் படமே போட்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அடுத்த வீடு கூப்பிடும்.

காது கேட்கிறதா என்று பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராகக் கை தட்டினால் காது கேளாத குழந்தையும் பார்க்கும். கை அசைவது கண்ணில் படுகிறதே! அதன் பார்வையில் படாமல் பின்னால் நின்று சத்தம் எழுப்ப வேண்டும். தறி ஓடுகிற வீட்டில் அதற்கும் வழியில்லை. பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாளாகப் பார்த்து அந்தத் தெருவுக்குப் போக வேண்டும். டெல்லியில் அச்சாகும் கையேட்டில் இதெல்லாம் வராது.

கையேடுகளைக் குறை சொல்லவில்லை. 2023-இல் தொடங்கிய 'போஷன் பீ படாய் பீ' திட்டத்தில் அங்கன்வாடி டீச்சர்களுக்கு மூன்று நாள் பயிற்சி தருகிறார்கள். மறு ஆண்டு வந்த 'நவ்சேத்னா'வில் பிறந்தது முதல் மூன்று வயது வரைக்கான 140 விளையாட்டுகள் இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் டீச்சர் சமூக நலத்துறை, செவிலியர் சுகாதாரத்துறை. ஒரே குழந்தையைப் பார்க்கும் இரண்டு பேருக்கும் தனித்தனி அரங்கு, தனித்தனி சாப்பாடு. சந்தேகம் வந்தால் டீச்சர் யாரிடம் சொல்வது, செவிலியர் எங்கே அனுப்புவது என்பது இரண்டு அரங்கிலும் தெளிவாவதில்லை.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே பார்க்கும் மையம் இருக்கிறது. காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் கருவி பொருத்தலாம்; அதுவும் ஆறு வயதுக்குள். நாலு வயது வரை பொறுத்துப் பார்க்கச் சொல்லும் அப்பத்தாவின் கணக்கில் பாதி வாய்ப்பு போய்விடுகிறது.

சேலம், நாமக்கல் ஆட்சியர்களுக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த பயிற்சியை அரங்கில் நடத்தாதீர்கள். ஓர் அங்கன்வாடியில், குழந்தைகள் நடுவில், டீச்சரையும் செவிலியரையும் ஒரே பாயில் உட்கார வைத்து நடத்துங்கள். சேலம் மருத்துவமனை மையத்தின் தொலைபேசி எண்ணை இருவர் கையிலும் கொடுத்து அனுப்புங்கள்.